கண்ணமங்கலம் வரைக்கும்

குமரேசன் அண்ணாவுக்கு,

அன்புள்ள என்று தொடங்கத்தான் உட்கார்ந்தேன். எழுதினால் நீ எங்கே இருந்தாலும் விழுந்து விழுந்து சிரிப்பாய் என்று தெரியும். அதனால் பேரை மட்டும் மேலே எழுதிவிட்டு, அன்பை இந்த வரியில் வைத்திருக்கிறேன். வேண்டுமானால் எடுத்துக்கொள், இருக்கிறது.

நேற்று உன் திதி. நீ போய் ஏழு வருஷம் ஆகிவிட்டது. மொட்டை மாடியில் இலை போட்டு வடையும் பாயசமும் வைத்தோம். காக்கா வந்து பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு ஓட்டின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. அம்மா கைகூப்பி அழுதுகொண்டே கூப்பிட்டாள். புவனா அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வரும்மா, அவன் எப்பவுமே நாலு பேர கெஞ்ச வுட்டுட்டுதான் சாப்பிட வருவான்" என்றேன் நான். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். கடைசியில் காக்கா வந்தது, பாயசத்தைத் தொடவில்லை, வடையை மட்டும் தூக்கிக்கொண்டு போயிற்று.

இந்தக் கடிதத்தை நாலு பேர் படிக்கிற இடத்தில்தான் போடப் போகிறேன். நீ என்னைத் தெருவில் நிற்க வைத்துச் சிரித்தவன். என் பதிலும் தெருவிலேயே இருக்கட்டும்.

முதலில் வீட்டுச் சேதி. உன் குழித்தறியை மூடி சிமென்ட் போட்டாகிவிட்டது. அந்த இடத்தில் இப்போது ரெண்டு பவர்லூம் ஓடுகிறது, வாடகைக்கு விட்டிருக்கிறோம். அண்ணி பெரிய கடை வீதியில் ஒரு பட்டுக் கடையில் புடவை மடிக்கிறாள். நான் அதே வேலைதான், வீடு வீடாகப் போய்ப் பாவு பிணைக்கிறேன். அப்பா உன் பின்னாலேயே கிளம்பி வந்துவிட்டார், அவர் சேதி உனக்கே தெரியும்.

உன் மகள் நித்யாவுக்குப் பதினாறு வயது. பதினொன்றாம் வகுப்பு. உன் மூக்கு, உன் நடை, உன் திமிர். கொஞ்ச நாளாக அவள் என்னிடம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள். காலையில் பல் தேய்த்ததும் கேட்கிறாள், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கேட்கிறாள்.

"அத்தே, என் கைய பாரு."

நான் பார்க்க மாட்டேன் என்கிறேன். இதுதான் இப்போது வீட்டில் சண்டை. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? இதைத் தொடங்கி வைத்ததே நீதானே.

படிக்கிறவர்களுக்கும் புரிய வேண்டும். அதனால் உனக்குத் தெரிந்த கதையையே மறுபடி சொல்கிறேன், பொறுத்துக்கொள். எனக்கும் அப்போது பதினாறுதான். தொண்ணூறுகள் தொடங்கிய சமயம். பக்கத்து வீட்டு அக்கா வாங்குகிற வாரப் பத்திரிகையில் டாக்டர் பதில் சொல்கிற பக்கம் ஒன்று வரும். அதில் ஒரு வியாதியைப் பற்றிப் படித்தேன். மூளையிலிருந்து சதைக்குச் சேதி கொண்டு போகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகுமாம். சதை துடிக்குமாம், மெலியுமாம். சில பேருக்கு முதலில் கையில் தெரியுமாம், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற சதை குழிந்துவிடுமாம். அப்புறம் நடை போகும், பேச்சு போகும், விழுங்குவது போகும், மூச்சும் போகும். அறிவு மட்டும் கடைசி வரைக்கும் அப்படியே இருக்குமாம். மருந்து கிடையாது என்று எழுதி அந்தப் பதிலை முடித்திருந்தார்கள்.

அன்று சாயங்காலமே என் கண் இமை துடித்தது. மறுநாள் கெண்டைக்கால் துடித்தது. உற்றுப் பார்த்தால் நின்றுவிடும், பார்வையை எடுத்தால் மறுபடி ஆரம்பிக்கும். எனக்கு வந்துவிட்டது என்று முடிவே கட்டிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் தமிழய்யா ஏதோ நடத்திக்கொண்டிருப்பார், நான் மேஜைக்கு அடியில் என் கையை விரித்து அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

பார்ப்பது போதவில்லை. சோதிக்க வேண்டியிருந்தது. நெசவாளி வீட்டுப் பெண்ணுக்குச் சோதிக்க வழியா இல்லை? தறியில் நீளவாட்டில் ஓடுகிற பாவு தீர்ந்தால் பழைய பாவின் முனையையும் புதுப் பாவின் முனையையும் இழை இழையாகச் சேர்ப்போம் இல்லையா? விரலில் ஒரு சிட்டிகை சாம்பல், ரெண்டு இழை நுனியையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரே திருகு. முடிச்சு கிடையாது. திருகின திருகுதான் அந்த இழையை, சீப்பு மாதிரி இருக்கிற அச்சுக்குள்ளே இழுத்துக்கொண்டு போகும். விரலில் தெம்பு இருந்தால் பிணைப்பு நிற்கும், இல்லாவிட்டால் வழுக்கிக்கொண்டு பிரிந்துவிடும். அதை எடுத்துக்கொண்டேன். கழிவுப் பட்டில் ரெண்டு இழை எடுத்துத் திருகி இழுப்பேன். நின்றால் இன்றைக்கு எனக்கு வியாதி இல்லை. சோறு தின்றுவிட்டு மறுபடி சந்தேகம் வரும், மறுபடி திருகுவேன். ஜாமெட்ரி பாக்ஸில் பென்சில் இருந்ததோ இல்லையோ, பட்டு இழை இருந்தது.

அப்பா ஒரு நாள் தறியை நிறுத்திவிட்டு என்னை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். டாக்டர் முட்டியில் சுத்தியால் தட்டினார். கையைத் தள்ளச் சொன்னார், குதிகாலால் நடக்கச் சொன்னார். "உனக்கு ஒண்ணுமில்லம்மா. நல்லா சாப்டு, நல்லா படி" என்றார். அவர் காலில் விழாத குறைதான். வெளியே வந்து பூரி தின்றேன், அப்பா தட்டில் இருந்ததையும் எடுத்துத் தின்றேன். ஆரணிக்குத் திரும்புகிற பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பாதி வழி வரைக்கும் என்னென்னவோ பேசிக்கொண்டு வந்தேன். கண்ணமங்கலத்தில் பஸ் நின்றது. கூடையைத் தூக்கிக்கொண்டு கொய்யாப்பழக்காரிகள் ஜன்னலுக்கு வந்தார்கள். அப்போது தோன்றியது, டாக்டர் வலது கையைத்தானே நல்லாப் பார்த்தார், இடது கையைச் சும்மா தொட்டுவிட்டு விட்டாரே? அவ்வளவுதான். "கொய்யா வேணுமாம்மா?" என்று அப்பா திரும்பினார், நான் அழுதுகொண்டிருந்தேன்.

அதற்கப்புறமும் வேலூர் போனோம். ஒவ்வொரு தடவையும் எனக்குக் கிடைத்த நிம்மதி கண்ணமங்கலம் வரைக்கும்தான் வந்தது. அப்பா வெள்ளந்தியாக இதை வீட்டில் சொல்லப்போக, அது உனக்கு அல்வாவாகப் போயிற்று. எனக்கு 'நரம்பு' என்று பெயர் வைத்தாய். நான் தெருவில் தண்ணீர்க் குடத்தோடு வந்தால் உன் சேக்காளிகளை வைத்துக்கொண்டு, "டேய், வழி வுடுங்கடா, நரம்பு வருது. இன்னாம்மே, கண்ணமங்கலம் தாண்டிட்டியா?" என்று கேட்பாய். ஊரே அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டது. பரிமளா என்று ஒருத்தி இருந்தாள் என்பதே மறந்துபோயிற்று.

அப்புறம் அந்த எண்ணெய். என் கழிவுப் பட்டை எடுத்துத் தேங்காய் எண்ணெயைத் தொட்டு லேசாக உருவி, துளி தெரியாமல் அதே இடத்தில் வைத்துவிட்டாய். பயந்தவளுக்கு மூக்கு ஏது? காலையில் திருகினேன், வழுக்கிற்று. இன்னொன்று திருகினேன், அதுவும் வழுக்கிற்று. தறிக்குழி ஓரத்தில் உட்கார்ந்து, "அம்மா, எனக்கு வந்துடுச்சிம்மா" என்று கத்தினேன். சோறு இறங்கவில்லை. குடத்தைத் தூக்கினால் கை நடுங்கிற்று. நீ ஒரு வாரம் விட்டு வைத்தாய். ஒரு வாரம், அண்ணா! எதிரில் உட்கார்ந்து மூணு வேளையும் தின்றுகொண்டு, நான் செத்துப்போவதை வேடிக்கை பார்த்தாய்.

அப்புறம் ஒரு காலையில், தெருவில் பாவு நீட்டிக்கொண்டிருந்த நேரத்தில் வந்து, என் பட்டைத் தூக்கிப் பிடித்தாய். "மோந்து பாருங்கடா. எங்க நரம்பு தேங்கா எண்ணெயில சாவப் போறா!" பாவைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் பாவு ஆடிற்று. அப்பாவும் சிரித்தார். நீ சிரித்ததைக்கூட மன்னித்திருப்பேன், அப்பா சிரித்ததை என்னால் இன்னும் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

வந்தவாசியிலிருந்து பெண் பார்க்க வந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? நல்ல இடம். நான் காபி கொண்டு வந்தேன். நீ மாப்பிள்ளையின் அம்மாவிடம், "தம்ளர நல்லா புடிச்சிக்குங்க. அவ கை எப்ப வுடும்னு அவளுக்கே தெரியாது" என்றாய். விளையாட்டாகத்தான் சொன்னாய். வந்தவாசிக்காரர்களுக்கு உன் விளையாட்டு புரியவில்லை. 'பொண்ணுக்கு நரம்புல ஏதோ கோளாறாமே' என்று தரகரிடம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பேச்சு வந்தவாசியோடு நிற்கவில்லை, களம்பூர் வரைக்கும் போயிற்று. அப்புறம் யாரும் வரவில்லை. கொஞ்ச நாளில் நானும் வாசலைப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

நீ கல்யாணம் பண்ணிக்கொண்டாய், நித்யா பிறந்தாள். நான் ஊரார் பாவைப் பிணைக்கப் போனேன். பயத்தில் திருகித் திருகியே என் விரல் பழகிவிட்டிருந்தது. பரிமளா பிணைத்த பாவு பிரியாது என்று ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். உன் பாவை மட்டும் நீ என்னைத் தொட விடவில்லை. "உன் வியாதி என் தறியில ஒட்டிக்கும்" என்பாய். எனக்குப் பயம் குறைந்திருந்ததே தவிர, போகவில்லை. வெளியே காட்டாமல் பயப்படக் கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான்.

அன்றைக்கு நடந்ததை நீ மறந்திருக்க முடியாது. நித்யாவுக்கு ஆறு வயது. முகூர்த்தப் புடவைக்கு அரக்குப் பாவு ஒன்று ஏற்றியிருந்தாய். நீயே பிணைத்தாய். அச்சுக்குள்ளே இழுக்கும்போது இழைகள் பிரிந்துகொண்டே வந்தன. மறுபடி திருகினாய், மறுபடி பிரிந்தன. சாம்பல் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்தாய். மோந்து பார்த்தாய். என் மூக்குக்குக் கீழே நீட்டினாய்.

"எத்தினி வருசமாடி மனசுல வெச்சிகினு இருந்த? எண்ணெய ஊத்திட்டியா?"

இல்லை என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அறைந்தாய். குழந்தை பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணி ஓடி வந்தாள். நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அண்ணா, அந்த அறை எனக்கு வலிக்கவில்லை.

உன் அறை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? சின்ன வயதில் வாங்கினதெல்லாம் காதில் ரீங்காரம் அடங்க அரை நாள் ஆகும். இது ஏதோ துணி பட்ட மாதிரி இருந்தது. நான் உன் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் குழிந்திருந்தது. பத்து வருஷமாக என் கையில் நான் தேடியது உன் கையில் இருந்தது.

"அண்ணா, நாளைக்கே வேலூரு போலாம்" என்றேன். நீ கையை உதறிக்கொண்டு சிரித்தாய். "பாத்தியா புவனா? அவ வியாதிய எனக்கு ஒட்டுறா." அம்மா அடுப்பை விட்டு எழுந்து வந்து, "வாய மூடுடி கருநாக்கு" என்றாள். அப்பா, தறியில் உட்கார்ந்த கை பின்னே குழியாமல் உப்பவா செய்யும் என்றார். நம் தெருவில் எந்தக் கைதான் சரியாக இருக்கிறது? கால் மரத்தவர்கள், முதுகு வளைந்தவர்கள், விரல் கோணியவர்கள். அவர்களுக்கு நடுவில் உன் கையும் நன்றாகவே மறைந்துகொண்டது.

நீ புதுச் சாம்பல் சலித்தாய். கையைச் சீயக்காய் போட்டுத் தேய்த்தாய். கடையிலிருந்து புதுப் பட்டு வாங்கி வந்தாய். அப்போதும் இழை பிரிந்தது. அப்போதும் உனக்குச் சந்தேகம் என் மேல்தான். தறி அறைக்குப் பூட்டு போட்டுச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டாய். எண்ணெய் வைத்து ஏமாற்றியவனுக்கு எல்லாம் எண்ணெயாகவே தெரிந்தது. உன் கை செத்துக்கொண்டிருந்தது, நீ என்னைக் காவல் காத்துக்கொண்டிருந்தாய்.

அப்புறம் தறியில் ஊடை ஓட்டுகிற நாடா கையிலிருந்து நழுவி விழுந்தது. மிதிக்கட்டையில் கால் தடுமாறிற்று. நாக்கு குழறிற்று. நீ குடித்துவிட்டு வருகிறாய் என்று அப்பா ஒரு மாதம் உன்னோடு பேசவில்லை. ஒரு நாள் சோற்றை உருட்டி வாய்க்குக் கொண்டுபோகிற வழியில் உன் கை நின்றுவிட்டது. அன்றைக்குத்தான் நீயே என்னைப் பார்த்தாய். "வேலூரு போலாம்" என்றாய்.

டாக்டர் ஏதோ நீளமான இங்கிலீஷ் பெயர் சொன்னார். எனக்கு அந்தப் பெயர் மனப்பாடம். அவர் முதல் எழுத்தைச் சொல்லும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. திரும்பி வருகிற பஸ்ஸில் நீ ஜன்னல் ஓரம், நான் பக்கத்தில். கண்ணமங்கலத்தில் பஸ் நின்றது. கூடைக்காரிகள் வந்தார்கள். நீ அவர்களைப் பார்த்துக்கொண்டே கேட்டாய்.

"பரிமளா, நீ இத்தினி வருசம் இப்டிதான் இருந்தியா?"

எத்தனையோ வருஷம் கழித்து என் பெயர். அதற்கு நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும்.

"ஆமா. நீ சிரிச்சிகினு இருந்த."

சொன்னதற்கு நான் வருத்தப்படவில்லை. இன்றைக்கும் படவில்லை. நீ ஒரு கொய்யா வாங்கினாய். பிடிக்க முடியாமல் அது சீட்டுக்கு அடியில் உருண்டது. நான் குனிந்து எடுத்துத் துடைத்து, பாதியைத் தின்றுவிட்டு மீதியை உன் வாயில் வைத்தேன். கடித்தாய். ஆரணி வரும் வரைக்கும் அதை மென்றுகொண்டே வந்தாய்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள். அன்றைக்கு ராத்திரி நான் அடித்துப்போட்டாற்போல் தூங்கினேன். கண் இமை துடிக்கவில்லை, கெண்டைக்கால் துடிக்கவில்லை. ஒரே வீட்டில் ரெண்டு பேருக்கு வராது என்று எனக்குள்ளே யாரோ தீர்ப்பு எழுதிவிட்டார்கள். உனக்கு வந்தது, எனக்குப் போயிற்று. நீ மெலிய மெலிய எனக்குச் சதை போட்டது. ரவிக்கையைப் பிரித்துத் தைத்தேன். தெருப் பெண்கள் அதைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள்ளே பேசிக்கொண்டார்கள், அம்மா காதிலும் அது விழுந்தது.

ஒரு நாள் நான் உனக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். அம்மா கதவோரம் நின்று, யாருக்கோ சொல்கிற மாதிரி, "இவளுக்கு வர வேண்டியது. வழி தவறி என் புள்ளைக்கு வந்துடுச்சி" என்றாள். ஸ்பூன் என் கையில் அப்படியே நின்றது. உனக்குக் காது நன்றாகக் கேட்கும், அறிவு தெளிவாக இருந்தது, பேச்சு மட்டும்தான் போயிருந்தது. நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். வாயிலிருந்த கஞ்சி மோவாயில் வழிய வழியச் சிரித்தாய்.

இந்த வியாதியில் சில பேருக்கு அப்படி வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காரணமில்லாமல் சிரிப்பு வரும், அடக்க முடியாது, அது நோயாளியின் சிரிப்பே இல்லை என்றார். அப்பா அழும்போது நீ சிரித்தாய். அண்ணி உன் காலைப் பிடித்துக்கொண்டு கதறும்போது சிரித்தாய். தெருவில் உனக்குப் பெரிய பேர், சிரித்துக்கொண்டே சாவை எதிர்கொண்ட வீரன் என்று. நான் மறுத்துப் பேசவில்லை. ஆனால் எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். அம்மா அதைச் சொன்னபோது நீ சிரித்தாயே, அது வியாதியா, நீயா? அம்மா சொன்னது பைத்தியக்காரத்தனம் என்று சிரித்தாயா? இல்லை, உண்மை என்று சிரித்தாயா? ஏழு வருஷமாகக் கேட்கிறேன். காக்காயிடம் கேட்டால் வடையைத் தூக்கிக்கொண்டு பறந்துவிடுகிறது.

இப்போது நித்யா. பஸ் ஸ்டாண்ட் பக்கம் பிரவுசிங் சென்டர் வந்திருக்கிறது. பிராஜெக்ட் என்று சொல்லிவிட்டுப் போய் அப்பாவின் வியாதிப் பெயரை அடித்திருக்கிறாள். எனக்கு அந்தக் காலத்தில் பத்திரிகையில் அரைப் பக்கம்தான் கிடைத்தது. இவளுக்கு முடிவே இல்லாமல் வந்திருக்கிறது, படத்தோடு. அன்றிலிருந்து அவளுக்கு விரல் துடிக்கிறது.

ஒரு நாள் என் பையிலிருந்து கழிவுப் பட்டு காணாமல் போயிற்று. அவள் ஜாமெட்ரி பாக்ஸில் இருந்தது. இந்தச் சோதனை அவளுக்கு எப்படித் தெரியும் என்று நினைக்கிறாய்? உன் ஞாபகமாக அண்ணி அவளுக்குச் சொல்லி வளர்த்த கதைகளில் நீ எண்ணெய் தடவின கதைதான் பெரிய தமாஷ். 'உங்கப்பா இருக்காரே, ஒரு தடவ இன்னா பண்ணாரு தெரியுமா' என்று அண்ணி தொடங்கினாலே குழந்தை கைதட்டிச் சிரிக்கும். நீ உன் மகளுக்கு விட்டுப்போன சொத்து அந்தச் சிரிப்பு. அதற்குள்ளே என் பயத்தையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்திருக்கிறாய்.

போன மாதம் நானும் அண்ணியும் அவளை வேலூர் கூட்டிப் போனோம். இப்போது வேறு டாக்டர், சின்ன வயசு. பொறுமையாகப் பார்த்தார், ரெண்டு கையையும் பார்த்தார். ஒன்றுமில்லை என்றார். அப்பாவுக்கு இருந்தால் பிள்ளைக்கும் வரும் என்று கிடையாது, பெரும்பாலும் அப்படி வருவதில்லை என்றார். அப்புறம் எங்களைப் பார்த்து, "பயம்தாங்க இப்ப வியாதி. அதுக்கும் வைத்தியம் இருக்கு. மனநல டாக்டர ஒரு தடவ பாருங்க" என்றார். அண்ணி காதில் விழாத மாதிரி பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். எனக்கு விழுந்தது. நான் பதினாறு வயதில் வந்தபோது என்னிடம் இதை யாரும் சொல்லவில்லையே என்று நினைத்தேன்.

திரும்பி வரும்போது நித்யா வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன். எனக்கு அந்த ரோடு தெரியும். கண்ணமங்கலத்தில் பஸ் நின்றது. அவள் பேச்சும் நின்றது. மெதுவாகக் கையை என் மடியில் வைத்தாள்.

"அத்தே, அந்த டாக்டர் ஜல்தியா பாத்துட்டு வுட்டுட்டாரு. நீதான அப்பாவுக்கு மொதல்ல பாத்த? நீ பாரு. நீ சொன்னா நம்பறேன்."

அந்தக் கையை எடுத்து அவள் மடியிலேயே திருப்பி வைத்தேன். "பாக்க மாட்டேன்" என்றேன்.

"ஒரு தடவ அத்தே. ஒரே தடவ."

"மாட்டேன்டி."

அழ ஆரம்பித்தாள். முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "பெத்த பொண்ணு மாதிரி இருக்கிற கொழந்த. பாத்து ஒரு வார்த்த சொன்னா உன் வாயில இருந்து முத்தா கொட்டிடும்? கல்நெஞ்சுக்காரி" என்றாள் அண்ணி. அன்றைக்கு முதல் நித்யா என்னோடு சரியாகப் பேசுவதில்லை. கேட்பது மட்டும் நிற்கவில்லை. அவள் சோறு பிசையும்போது நான் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறேன்.

நீயே சொல். நான் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொன்னால் அவள் முகம் மலரும். எவ்வளவு தூரத்துக்கு? கண்ணமங்கலம் வரைக்கும். அப்புறம் காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை என்று நானே அவளுக்கு வேலூர் ஆகிவிடுவேன். ஒரு நாள் நான் சொல்கிற விதத்தில் கொஞ்சம் தயங்கினால்கூடப் போதும், செத்துவிடுவாள். சரி, பார்த்து ஏதாவது தெரிந்துவிட்டால்? உன் கையைத் தெருவிலேயே முதலில் பார்த்தவள் நான். பார்த்ததால் உனக்கு ஒரு நாள் கூடிற்றா? எனக்குக் கருநாக்கு என்று பேர் கிடைத்ததுதான் மிச்சம்.

எனக்கு ஆசை இல்லை என்று நினைக்காதே. அவள் தூங்கும்போது அந்தக் கை பாய்க்கு வெளியே கிடக்கும். விளக்கைப் போட்டு ஒரு தடவை பார்த்துவிடலாமா என்று என் உடம்பெல்லாம் பதறும். எதிர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறேன். அவளை எனக்கு உயிர், அண்ணா. அதனால்தான் இவ்வளவு கொடுமைக்காரியாக இருக்கிறேன்.

வருகிற வியாழக்கிழமை அவளை மனநல டாக்டரிடம் நானே கூட்டிப் போகிறேன். "பொண்ணு பேரு கெட்டுடும்" என்கிறாள் அண்ணி. "என் பேரு கெட்டதுக்கு மேலயா? நான் உசுரோடதான இருக்கேன்" என்றேன். அம்மா முணுமுணுத்தாள். முணுமுணுக்கட்டும். எத்தனை தடவை வரச் சொன்னாலும் கூட்டிப் போவேன்.

இனிமேல் உனக்கு ஒரு வாக்கு. அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

உன்னை மாதிரி நான் அவளைப் பார்த்துச் சிரிக்க மாட்டேன். அவளைச் சோதிக்கவும் மாட்டேன். திரும்பி வரும்போது பஸ் கண்ணமங்கலத்தில் நிற்கும், அவள் கையை நீட்டுவாள். இந்தத் தடவை திருப்பி வைக்க மாட்டேன், பிடித்துக்கொள்வேன். என் கட்டைவிரல் பழக்க தோஷத்தில் அந்த இடத்தைத் தேடிப் போகும். போக விட மாட்டேன். அவளுக்கு ஒரு கொய்யா வாங்கித் தருவேன். அது நழுவி சீட்டுக்கு அடியில் உருண்டால், குனிந்து எடுத்துத் துடைத்துக் கொடுப்பேன். எந்தக் கையிலிருந்து விழுந்தது என்று பார்க்க மாட்டேன்.

நீ வைத்த பெயரை இன்னும் சுமந்துகொண்டு திரிகிற,
உன் ஒரே தங்கச்சி
நரம்பு